கடைசிக் கை

காதுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்ற விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவருக்கு, இன்னொன்று அவர் பெண்டாட்டிக்கு. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் வீட்டுக்குள் வராது. காதும் காதும் வைத்த மாதிரி என்று சொல்வார்களே, அதில் ஒரு காது பழுதாகிவிட்டால் என்ன செய்வது? எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது குடும்பம்.

பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. மனிதர் வண்டி மெக்கானிக். தெரு முனையில் வண்டி திரும்பும்போதே, கையில் இருக்கும் டீயைக் கீழே வைக்காமல், "பெல்ட்டு போச்சு, உள்ளே விடு" என்பார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, மரக் கைப்பிடியைக் காதுமடலில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். வண்டிக்காரன் வாயைத் திறந்தால் கையைக் காட்டி அடக்குவார். அப்புறம் கண்ணைத் திறந்து இன்ன பாகம் என்று சொன்னார் என்றால் அதில் மறுபேச்சு கிடையாது. பட்டறை வாசலில் பேர்ப்பலகைகூட இல்லை. பெரிய காது ஒன்றின் படம்தான் வரைந்திருந்தது. வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் காது டாக்டர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வாடிக்கை.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையின் ஒரு மூலையில் அவளுடைய தையல் மெஷின். வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. ரெக்சின் துணியில் ஊசி இறங்கும் சத்தமும், ஸ்பேனர் விழும் சத்தமும், டயருக்குக் காற்றடிக்கும் சத்தமுமாக முப்பது வருஷம் போனது. அவள் காதும் லேசுப்பட்டதில்லை. அவள் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. அன்றைக்கு மத்தியானம் மாடி அறையில் நான்கு பேர் கூடுவார்கள். காதுக்காரர், எட்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிற டிரைவர், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேக்கரிக்காரர், பேக்கரிக்கு மேல்மாடியில் பல் பார்க்கிற டாக்டரம்மா. இந்த நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு இவர்கள் உயிரோடு இருப்பதே தெரியாது. கடல் தாண்டிய தேசத்து மேடைகளில் ப்ளூஸ் ராக் கிட்டார் வாசிக்கிறவர். கறுப்புத் தொப்பியைக் கழற்றாமலே வாசிப்பதால் தொப்பிக்காரர் என்று இவர்கள் வைத்த பெயர், இந்த அறையைப் பொறுத்தவரை, நிஜப் பெயரை எப்போதோ தின்றுவிட்டது.

கல்யாணமான புதிதில் அவள் முதன்முதலாக அந்த இசைத்தட்டைக் கேட்டபோது, "பூனை வாலை யாராவது மிதிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். காதுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் தைத்துக்கொண்டே கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. மனசில் பாரத்தோடு இருக்கிற மனுஷன், அதைக் கத்தாமல், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும் அந்த வாசிப்பு. பாட்டு முடியும் இடத்தில் தொப்பிக்காரர் ஒரே ஒரு கம்பியை மீட்டி, விரலால் அதை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். அந்த ஒற்றை நாதம் மட்டும் நிற்கும், மெலியும், இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத இடத்துக்கு வரும்.

அந்த இடத்தை வைத்துத்தான் இவர்களுடைய விளையாட்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நாதம் தன் காதுக்கு எப்போது முடிகிறதோ அப்போது கையைத் தூக்க வேண்டும். கண்ணைத் திறக்கக் கூடாது. கடைசியாகக் கை தூக்குகிறவர்தான் அன்றைய ராஜா, அவருக்குத்தான் பேக்கரி பன்னில் பெரியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டால் யார் கடைசி என்று யார் சொல்வது? அதற்கு அவள். விளையாட்டில் சேராமல் ஓரமாக உட்கார்ந்து கையால் ஏதாவது தைத்துக்கொண்டிருப்பாள். எல்லாக் கையும் உயர்ந்ததும் "போதும்" என்பாள், கடைசிக் கை யாருடையது என்று சொல்வாள். ஆரம்ப நாளிலிருந்து அது காதுக்காரர் கைதான். நியாயமான வெற்றி. ரொம்ப வருஷம் அது நியாயமாகவே இருந்தது.

எப்போது மாறியது என்று அவளாலும் சொல்ல முடியாது. முதலில் கெட்டில் விசில் அடித்துத் தண்ணீர் வற்றியது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தால், "இந்தா, உங்கம்மாகிட்டப் பேசு" என்று உடனே நீட்டத் தொடங்கினார். பேக்கரிக்காரர் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டார். பேக்கரிக்காரருக்கு உதட்டை மறைக்கிற அளவுக்கு மீசை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிறவருக்கு அந்த மீசை பெரிய வில்லன். டாக்டரம்மாவிடம் பல் காட்டப் போன அன்று, அவர் முகமூடி போட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்ணே, வெச்சுக்கலாமா, இல்ல எடுத்துடவா?" என்று கேட்டிருக்கிறார். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதுதான் ஒரு கடைவாய்ப்பல் குறைவது தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்.

அவள் சிரித்துவிட்டு, அப்புறம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியில் பல் தடம் விழுந்திருந்ததை அவள் அதற்கு முன்பே பார்த்திருந்தாள். காதில் வைப்பதற்குப் பதிலாக, யாரும் பார்க்காத நேரத்தில், கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு இன்ஜினின் அதிர்வை வாங்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

அதிர்வில் எல்லாம் தெரிந்துவிடுமா? ஒருநாள் பேக்கரி வேனை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்றார். முன் சக்கரத்துக்குள் பேரிங் உருளுகிற சத்தம் மூலையில் உட்கார்ந்திருந்த அவளுக்கே கேட்டது. "சீட்டு உறை தையல் விட்டிருக்கு, நாளைக்கு எடுத்துக்கோங்க" என்று பொய் சொல்லி வண்டியை நிறுத்தி வைத்தாள். சாயங்காலம், "அந்த முன் சக்கரத்தை ஒரு தடவை கழட்டிப் பாருங்களேன்" என்று அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கழற்றினார், பார்த்தார், பேரிங்கை மாற்றினார். இராத்திரி சாப்பாட்டில் அவர் தட்டிலிருந்த முட்டையை அவள் தட்டில் எடுத்து வைத்தார். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டையும் அவள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேர் கையும் உயர்ந்ததும், தைத்துக்கொண்டிருக்கும் ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கையை மடியில் வைப்பாள். அரைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும் காதுக்காரர் நிதானமாகக் கையைத் தூக்குவார். அவர் மானம் போகக் கூடாதே என்று அவள் ஊசி குத்துவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டாள். மற்றவர்கள் விடுவார்களா? "போதும்" வர நேரமாவதைக் கவனித்து, தனக்கும் இன்னும் கேட்கிறது என்று ஆளாளுக்குக் கையைத் தாமதமாகத் தூக்கத் தொடங்கினார்கள். இப்படியே போட்டி போட்டு, இசைத்தட்டில் செத்துப்போன நாதத்தை இந்த அறைக்குள் வளர்த்துக்கொண்டே போனார்கள். உண்மையில் அது எங்கே முடிந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

போன குளிர்காலத்தில் தொப்பிக்காரர் ஓய்வு பெறப் போவதாக அறிவித்தார். கடைசிச் சுற்றில் ஒரு கச்சேரி இவர்கள் ஊரிலிருந்து இராத்திரி முழுக்க ரயிலில் போனால் சேரக்கூடிய ஊரில் நடந்தது. ஐந்து பேரும் போனார்கள். காதுக்காரர் ஸ்பீக்கர் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து போய் நின்றார். சத்தம் நெஞ்சில் மோதியதும் அவர் முகம் விரிந்ததை அவள் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. கடைசி நாதத்தைத் தொப்பிக்காரர் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கூட்டமே கண்ணை மூடிக் கிடந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான், பழக்கதோஷம். டிரம்ஸ்காரர் குச்சியை லேசாக உயர்த்தியதையும், அதைப் பார்த்த பிறகே தொப்பிக்காரரின் விரல் கம்பியை விட்டதையும் அவள் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கச்சேரியின் இசைத்தட்டு வந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே தகரக் கூரை மேல் மழை. டிரைவர் நனைந்த கோட்டை வாசலில் உதறிவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் ஓரம் கருகியதால் விற்காமல் போன பன்களைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா இசைத்தட்டைக் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கோட்டுக்குள் வைத்து எடுத்துவந்தார். ஆனால் வழக்கமான சிரிப்பு யார் முகத்திலும் இல்லை.

"விஷயம் தெரியுமா தங்கச்சி?" என்று டிரைவர் அவளிடம்தான் ஆரம்பித்தார். "நம்ம ஆளு பேட்டி குடுத்திருக்கான். டாக்டரம்மா, படிங்க."

டாக்டரம்மா போனை எடுத்துப் படித்தார். "'கடைசிக் காலத்துல நான் வாசிச்சது எனக்கே கேட்கலை. விரலுக்குப் பாதை தெரியும், அதனால வாசிச்சேன். ஆனா நாதம் எந்த இடத்துல முடியுதுன்னு மட்டும் தெரியாது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்குவார், நான் விட்டுடுவேன். சில நாள் அவரும் மெய்மறந்து உட்கார்ந்துடுவார். அன்னைக்கெல்லாம் நானும் பிடிச்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான்.'"

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதுக்காரர், போனைப் பார்த்துக் குனிந்திருந்த டாக்டரம்மாவின் உதட்டசைவு பிடிபடாமல், "இங்கே குடுங்க பார்ப்போம்" என்று போனை வாங்கினார். ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

பேக்கரிக்காரர்தான் ரொம்ப நொந்து போயிருந்தார். "எத்தனை பேர்கிட்ட நான் விளக்கம் சொல்லியிருப்பேன் அண்ணி. வயசாக வயசாக மனுஷன் அந்த நாதத்தை ஏன் நீட்டிக்கிட்டே போறார்னா, துக்கம் கனிஞ்சு போச்சு, அவசரம் போயிடுச்சு, சாவையே பக்கத்துல உட்கார வெச்சுப் பேசுறார்னு. ரொட்டி வாங்க வந்தவங்களை எல்லாம் நிக்க வெச்சுச் சொல்லியிருக்கேன். கடைசியில பார்த்தா, முடிஞ்சது தெரியாம நின்னுருக்கார்."

"நீ சொன்னதைக் கேட்டு நான் அழுதேனே, அதை யார்கிட்டப் போய்த் திருப்பிக் கேட்கிறது?" என்றார் டிரைவர்.

"அழுததுல என்ன நஷ்டம்? நல்லாத்தானே அழுதீங்க?" என்றார் டாக்டரம்மா. "அவருக்குக் கேட்கலைன்னாலும் நமக்குக் கேட்டுச்சுல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டரம்மா. எனக்குக் கண்ணு தெரியாம, கண்டக்டர் விசிலடிச்சா திரும்புறேன், விசிலடிச்சா நிறுத்துறேன்னு பஸ் ஓட்டினா ஏறுவீங்களா?"

"பஸ்ஸும் பாட்டும் ஒண்ணா? பாட்டு தடம் மாறினா யாரும் சாகப்போறதில்ல."

"சொல்லிட்டு வாசிச்சிருக்கலாமே," என்றார் பேக்கரிக்காரர். "எனக்குக் கேட்கலை, ஆனாலும் வாசிக்கிறேன்னு ஒரு வார்த்தை. நாம என்ன எந்திரிச்சா போயிருப்போம்?"

"சொல்ல முடியுமா? வாசிக்கிறவன் எனக்குக் கேட்கலைன்னு எப்படிச் சொல்லுவான்?" டாக்டரம்மா காதுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. இதுல தீர்ப்பு சொல்ற யோக்கியதை உங்களுக்குத்தான் இருக்கு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் போனை மேஜை மேல் வைத்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "ஏமாத்து வேலை," என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "கேட்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே கீழே வெச்சுட்டுப் போயிருக்கணும். ரோஷம் இருக்கிறவன் அதைத்தான் செய்வான். தெரிஞ்சே மேடை ஏறினான் பாரு, அதான் திருட்டு."

"அவ்வளவு கடுமையா வேணாம்ணே," என்றார் டாக்டரம்மா.

"என்ன கடுமை? இவனாவது போகட்டும். குச்சியைத் தூக்கிக் காட்டினானே ஒருத்தன், அவன்தான் பெரிய திருடன். அவன் தூக்காம இருந்திருந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். கூட நின்னு பொய்யை வளர்த்தவன் அவன்தான்."

அவள் கையில் ஊசி ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "டீ போட்டுட்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் பயத்தில்தான் அப்படிப் பேசுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. திருடனைப் பிடி என்று எல்லோருக்கும் முன்னால் ஓடுகிற திருடன் மாதிரி. தெரிந்தாலும் வலித்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை வண்டி, எத்தனை பொய். யாருக்காக அதெல்லாம்? கெட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான்.

கப் எடுக்க அவர் உள்ளே வந்தார். அலமாரிப் பக்கம் திரும்பிக் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவருடைய முதுகைப் பார்த்து அவள் சொன்னாள்.

"குச்சி தூக்கினவ நான்தான். என்னைத்தானே திருடின்னு சொன்னீங்க?"

முதுகு அசையவில்லை.

"எனக்கு முடியலைங்க. தினம் தினம் பயமா இருக்கு. அந்த வேன் மட்டும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? டாக்டர்கிட்டப் போலாம்னு எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா?"

காதுக்காரர் திரும்பினார். "சர்க்கரை எங்கே வெச்சே?" என்று கேட்டார்.

அவள் சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

டீ குடித்து முடிக்கும்போது மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கூரையில் சொட்டுச் சத்தம் நிற்கட்டும் என்று டிரைவர் சொன்னதால் காத்திருந்தார்கள். அப்புறம் டாக்டரம்மா இசைத்தட்டை எடுத்து வைத்தார். என்னதான் திட்டினாலும் முதல் கம்பி அதிர்ந்ததும் யாரும் பேசவில்லை. டிரைவரின் கால் தானாகத் தாளம் போட்டது. பேக்கரிக்காரர் கருகிய பன்னைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்துவிட்டார். காதுக்காரர் வழக்கம்போல மரத் தரையில் இரண்டு பாதத்தையும் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பார், மரியாதைக்காக என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

கடைசிப் பாட்டு வந்தது. "சரி, கண்ணை மூடுங்க," என்றார் டிரைவர். "திருடனோ யோக்கியனோ, பழக்கத்தை விட வேணாம்."

ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. ஒற்றை நாதம் நின்றது. அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். அன்றைக்கு அந்த அரங்கத்தில் டிரம்ஸ்காரர் குச்சியை உயர்த்திய இடம் எதுவென்று அவளுக்கு இப்போதும் தெரிந்தது. அதைத் தாண்டி, அரங்கத்தில் மிச்சமிருந்த எதிரொலி மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது. முதலில் டிரைவர் கை உயர்ந்தது. அப்புறம் டாக்டரம்மா. ரொம்ப நேரம் கழித்துப் பேக்கரிக்காரர்.

இப்போது அவள் ஊசியைத் துணியில் குத்த வேண்டும். காதுக்காரரின் அரைக் கண் அவள் கையிலேயே இருந்தது. அவள் குத்தவில்லை.

வேண்டுமென்று தீர்மானித்துச் செய்யவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது, மறுபடி உள்ளே போய் வெளியே வந்தது. இசைத்தட்டு பாட்டெல்லாம் தீர்ந்து, உள்வட்டத்து வெறும் பள்ளத்தில் டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் கண்ணை மூடி, தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் "போதும்" என்று சொல்லாதவரை ஆட்டம் முடியாது. டிரைவருக்குக் கை வலித்து மற்றக் கையால் முட்டுக்கொடுத்தார். டாக்டரம்மா தூக்கிய கையைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினார். "மனுஷனுக்கு இன்னும் கேட்குதுப்பா," என்று பேக்கரிக்காரர் மீசைக்குள் முணுமுணுத்தார்.

காதுக்காரரின் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்துவிட்டன. அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்கி அவரை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் ஊசி நிற்கவில்லை. அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம். கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட பிள்ளை மாதிரி சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு இல்லை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். தன்மேல் இருந்த நம்பிக்கையில்தான் மூடியிருந்தார்கள் என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

அறை முழுக்கக் கேட்கிற குரல். இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து அவர் கேட்ட முதல் தடவை அது. மூன்று பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

அவள் ஊசியைத் துணியில் குத்தினாள். "முடிஞ்சிருச்சுங்க," என்றாள், உதடு நன்றாகத் தெரியும்படி. "அப்பவே முடிஞ்சிருச்சு."

யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. பிறகு டிரைவர், "காது..." என்று இழுத்தார். காதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குக் கேட்கலைடா. ரொம்ப நாளாச்சு. இவ ஊசியைக் குத்துவா, நான் கையைத் தூக்குவேன்." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "திருட்டுன்னு சொன்னது என்னையேதான். உன்னையும் சேர்த்துச் சொல்லிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும்தான் இன்னைக்குக் கைவிட்டுட்டேன்," என்றாள்.

டக், டக் என்று சுற்றிய இசைத்தட்டைப் போய் நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா முகம்தான் மெதுவாக மாறிக்கொண்டு வந்தது. "அண்ணே, அப்போ அந்தக் கடைவாய்ப்பல்..."

"அது நல்ல பல்லுதான் டாக்டரம்மா," என்றார் காதுக்காரர், வருத்தமாக.

டாக்டரம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்தார். காதுக்காரரே சிரித்தார். ஒரு பக்கமாகத்தான் சிரித்தார். பேக்கரிக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, யோசனையில் இருந்தார்.

"என் வேன், அண்ணி? அன்னைக்கு சீட்டு உறை தையல் விட்டிருக்குன்னு நிறுத்தி வெச்சீங்களே."

"உறையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சக்கரத்துல சத்தம் வந்துச்சு."

பேக்கரிக்காரர் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். "அதுல என் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போற நாள் அது," என்றார். அப்புறம் மூச்சை விட்டார். "அண்ணே, இனிமே நீங்க மட்டும் கேட்காதீங்க. அண்ணியும் சேர்ந்து கேட்கட்டும்."

"நான்தான் கேட்கப் போறேன்," என்றாள் அவள். "எந்தப் பக்கம், எப்படிச் சத்தம்னு நான் சொல்லிடறேன். என்ன பழுதுன்னு அவர் சொல்லட்டும். வெளிப்படையாவே செய்யறோம்."

"நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் டாக்டரம்மா. "அங்கே அவர் எது கேட்டாலும் தலையாட்டாதீங்க."

காதுக்காரருக்கு அது உதட்டிலிருந்து பிடிபட்டுவிட்டது. அதற்கே தலையாட்டினார்.

"எல்லாம் சரி தங்கச்சி," என்றார் டிரைவர். "அப்போ இத்தனை நாளா உண்மையிலேயே கடைசிக் கை யாருது?"

அவள் பேக்கரிக்காரரைக் காட்டினாள். "இவரோடதுதான்."

"நானா?" பேக்கரிக்காரர் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்துவிட்டார். மீசை துடித்தது. "இத்தனை வருஷமும் நானா?" பெரிய பன்னுக்கு ஆசைப்பட்டு அல்ல, பாவம். மனிதர் நிஜமாகவே கலங்கிவிட்டார்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார் காதுக்காரர்.

டாக்டரம்மா கடைசிப் பாட்டை மறுபடி வைத்தார். இந்தத் தடவை காதுக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், ஸ்பீக்கர் பெட்டியின் மரப்பலகை மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தார். ஒளிக்க ஒன்றுமில்லை. அவள் தையலை ஓரம் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் கண்ணை மூடினார்கள். வாத்தியங்கள் ஓய்ந்தன, ஒற்றை நாதம் நின்றது. பலகையின் அதிர்வு அடங்கியதும் காதுக்காரர் கையைத் தூக்கினார். வாழ்க்கையில் முதன்முறையாக எல்லோருக்கும் முன்னால், முதல் கை.

தூக்கிய கையோடு அவர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கண் அவள் ஊசியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. இப்போது டிரைவரைப் பார்த்தார். தினமும் தெருவைத் திட்டிக்கொண்டே போகிற அந்த முகம் தூங்குகிற குழந்தை முகமாக இருந்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர், மாவு போகாத நகங்களோடு, மூச்சைக்கூட விடாமல், எங்கோ ரொம்ப தூரத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தரைக் கடைசிவரை வழியனுப்புகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் கையும் இன்னும் மடியில்தான் இருந்தது.

காதுக்காரர் அவள் பக்கம் சாய்ந்தார். ரகசியமாகக் கேட்பதாகத்தான் அவருக்கு நினைப்பு. "இத்தனை வருஷமா இதையா பார்த்துக்கிட்டு இருந்தே?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

"உஷ்ஷ்," என்றார்கள் மூன்று பேரும், கண்ணைத் திறக்காமல்.

அவள் சிரித்தாள், அழுதாள். அவர் தூக்கி வைத்திருந்த கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து அவருக்குச் சொன்னாள்.

"இன்னும் இருக்கு."